ரொக்ஸ்பரோ வீட்டின் உருண்டைக் குழாய்

மணிவாசகத்துக்கு உருண்டையாக எதைக் கண்டாலும் ஆகாது என்று அவருடைய ஆபீசில் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். லட்டும் போண்டாவும் வைத்தால் மனிதர் தட்டை வழித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். அவருக்கு ஆகாதது உருண்டையான டக்ட் மட்டும்தான்.

டக்ட் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மொன்ட்ரியலில் ஆறு மாதம் குளிர். பெரிய கட்டடங்களில் ஓரிடத்தில் காற்றைச் சூடாக்கி, விசிறி வைத்துத் தள்ளி, தகட்டுக் குழாய்கள் வழியாக அறை அறையாக அனுப்புவார்கள். அந்தத் தகட்டுக் குழாய்தான் டக்ட். அதை உருண்டையாகவும் செய்யலாம், நீளப் பெட்டியாகவும் செய்யலாம். எப்படிச் செய்வது, எந்த அளவில் செய்வது, எந்த வழியாகக் கொண்டுபோவது என்று வரைந்து கொடுப்பதுதான் மணிவாசகத்தின் உத்தியோகம். கிண்டியில் எஞ்சினியரிங் படித்துவிட்டு, 1966-ல், உலகக் கண்காட்சிக்காக ஊரையே தோண்டிப் போட்டிருந்த நேரத்தில் மொன்ட்ரியலில் வந்து இறங்கியவர். பீல் தெருவில் ஒரு கம்பெனியின் பத்தாவது மாடியில் அவருக்கு வேலை கிடைத்தது.

கணக்குப்படி பார்த்தால் உருண்டைதான் உசத்தி. அதே அளவு காற்றைக் கொண்டுபோகத் தகடு குறைவு, உரசலும் குறைவு. மணிவாசகத்துக்கு இது தெரியாததல்ல. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவர். ஆனால் கட்டடம் பரீட்சைத் தாள் இல்லையே. உத்தரத்துக்கும் கூரைப் பலகைக்கும் நடுவே ஒன்றரை அடி இடத்தை விட்டுவிட்டு, விளக்கு, தண்ணீர்க் குழாய், மின்கம்பி எல்லாவற்றோடும் டக்டையும் அதற்குள் நுழை என்பார்கள். பெட்டி என்றால் தட்டையாக்கி அகலப்படுத்திக்கொள்ளலாம். உருண்டையை என்ன செய்வது? "தலை இடிக்கக் கூடாது" என்பதுதான் மணிவாசகத்தின் வேதம். அவர் வரைந்த ஒவ்வொரு படத்திலும் ஓரத்தில் ஆறடி உயர மனிதன் ஒருவன் நிற்பான். அவன் உச்சந்தலைக்கும் டக்டின் அடிப்பக்கத்துக்கும் நடுவே எத்தனை அங்குலம் என்று சிவப்புப் பென்சிலால் குறித்திருப்பார். ஏழு வருடத்தில் அந்த மனிதன் ஒரு படத்தில்கூட உட்கார்ந்ததில்லை.

இந்த விஷயத்தில் அவரோடு ஓயாமல் மல்லுக்கு நின்றவர் ரெயால் புஷார். நகரத்தின் தென்மேற்கே லாசாலில் தகட்டுப் பட்டறை வைத்திருந்தார். தகட்டைச் சுருட்டி உருண்டைக் குழாய் செய்யும் எந்திரம் ஒன்றை ஆசை ஆசையாக வாங்கிப் போட்டுவிட்டு, மணிவாசகத்திடமிருந்து வருகிற படங்களிலெல்லாம் பெட்டி பெட்டியாகப் பார்த்து மனம் நொந்தவர். "மொசியே மணி, காற்றுக்கு மூலை பிடிக்காது" என்பார் அவர், பாதி ஃபிரெஞ்சும் பாதி ஆங்கிலமுமாக. "காற்றுக்குப் பிடிக்காவிட்டால் போகட்டும், கட்டடத்துக்குப் பிடிக்க வேண்டும்" என்பார் இவர். விரோதம் ஒன்றும் கிடையாது. பார்க்கும்போதெல்லாம் ஒருவரை ஒருவர் வம்புக்கு இழுக்காவிட்டால் இருவருக்கும் பொழுது போகாது, அவ்வளவுதான்.

இனி வசுமதி. மணிவாசகத்தின் மனைவி. கல்யாணத்துக்கு முன்னால் திருச்சி ரேடியோவில் மாதம் ஒரு காலை கால் மணி நேரம் பாடியவள். கேட்டுவிட்டு முன்பின் தெரியாதவர்களெல்லாம் கார்டு எழுதிப் போடுவார்கள். புடவைகளைக் குறைத்துக்கொண்டு தம்புராவைக் கப்பலேற்றி மொன்ட்ரியலுக்குக் கொண்டுவந்தாள். குடியேறியது லாசாலில் ஓர் அடுக்குமாடி வீடு. காலையில் சுருதி சேர்த்து வாயைத் திறந்தால் கீழ்வீட்டு அம்மாள் துடைப்பக் கட்டையால் கூரையில் இடிப்பாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. ராத்திரி வேலை பார்த்துவிட்டு வந்து படுக்கிறவள். வசுமதி குரலை இறக்கினாள். இன்னும் கொஞ்சம் இறக்கினாள். கடைசியில் முணுமுணுப்பாகிவிட்டது. ஆறு வருடம் ஒருத்தி முணுமுணுத்துக்கொண்டே இருந்தால் தொண்டை என்ன ஆகும்? பாட்டு மறக்கவில்லை. வாய்விட்டுப் பாடுவதுதான் மறந்துகொண்டே வந்தது.

இதற்காகவே 1972 கோடையில் நகரத்துக்கு வெளியே ரொக்ஸ்பரோவில் ஒரு தனி வீடு வாங்கினார்கள். ஸ்டேஷன் பக்கத்திலேயே இருந்தது. ரயில் ஏறினால் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக நகரத்தின் நடுவில் கொண்டுபோய் இறக்கிவிடும். ஆனால் மணிவாசகம் அந்த வீட்டை வாங்கியது ரயிலுக்காக இல்லை, பேஸ்மென்ட்டுக்காக. வீட்டுக்கு அடியில், பூமிக்குள் இறங்கிய பெரிய கூடம். சுற்றிலும் கான்கிரீட் சுவர். "இங்க நீ தொண்டை கிழியப் பாடு வசு. ஒரு பய தட்ட மாட்டான்" என்றார்.

டிசம்பரில் குளிர் இறங்கியதும் தட்டல் ஆரம்பித்தது. தட்டியது யார் என்கிறீர்கள்? அவர்கள் வீட்டு டக்டேதான்.

பேஸ்மென்ட் மூலையில் எண்ணெயில் எரிகிற ஃபர்னஸ் இருந்தது. அதிலிருந்து கூரையை ஒட்டி, கூடத்தின் நடுவாக ஒரு பெட்டி டக்ட் ஓடியது. இரண்டடி அகலம், எட்டங்குல உயரம். ஃபர்னஸ் பற்றி, விசிறி சுழன்று, காற்று உள்ளே பாய்ந்ததும் அந்தத் தட்டைத் தகடு வெளியே புடைத்து 'டம்' என்று அடிக்கும். விசிறி நின்றால் உள்ளே வாங்கி 'டப்' என்னும். கடுங்குளிரில் கால் மணிக்கு ஒரு தரம் இந்தக் கூத்து. போகிறது, வீடென்றால் நாலு சத்தம் இருக்கத்தான் செய்யும் என்று நீங்களும் நானும் விட்டுவிடுவோம். தாளத்தோடு வளர்ந்தவளால் அப்படி விட முடியாது. ஆலாபனையில் மூச்சைப் பிடித்து மேலே ஏறும்போது தலைக்கு மேலே 'டம்' என்றால் குரல் பதறி அறுந்துவிடும். அதைவிட மோசம், அடுத்தது எப்போது அடிக்கும் என்று காது காத்துக்கொண்டே இருக்கும். காதை அங்கே வைத்துவிட்டு இங்கே எப்படிப் பாடுவது?

"உங்க டக்டுக்குத் தாள ஞானமே இல்லீங்க" என்றாள் ஒரு நாள், சிரித்தபடிதான். அடுத்த மாதம் அந்தச் சிரிப்பும் இல்லை.

மணிவாசகம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. தகட்டின் குறுக்கே இரும்புப் பட்டை வைத்துத் திருகாணி போட்டு முடுக்கினார். அந்த இடம் வாயை மூடிக்கொண்டது. பக்கத்துத் தகடு பேச ஆரம்பித்தது. அதையும் முடுக்கினார்; அதற்கடுத்தது பேசியது. ஒரு குளிர்காலம் முழுக்க, அடுத்த குளிர்காலத்தில் பாதி, ஏணியும் திருப்புளியுமாகவே அலைந்தார். சத்தம் சின்னதாயிற்று. ஒழியவில்லை.

அந்த நாளில் மொன்ட்ரியலில் நம் ஊர்க்காரர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். டாக்டர்கள், பேராசிரியர்கள், எஞ்சினியர்கள், அவர்கள் குடும்பங்கள். கெமிஸ்ட்ரி பேராசிரியர் ஆனந்தகிருஷ்ணன் மிருதங்கம் வாசிப்பார். டாக்டர் சுந்தரராஜனுக்குப் பாட்டென்றால் உயிர். 1974 பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, ரொக்ஸ்பரோ பேஸ்மென்ட்டில், நாற்பது பேர் முன்னால் வசுமதி கச்சேரி என்று ஏற்பாடாயிற்று. பத்து வருடத்தில் அவள் பாடப்போகிற முதல் முழுக் கச்சேரி.

டக்டின் வாயை அடைக்க மணிவாசகம் ஒரு வழி கண்டுபிடித்தார். கச்சேரி முடிகிறவரை ஃபர்னஸை நிறுத்திவிடுவது. ஓர் எஞ்சினியர் செய்கிற யோசனையா இது, நீங்களே சொல்லுங்கள். வெளியே மூச்சை விட்டால் மூக்கிலேயே உறைகிற குளிர். அரை மணி நேரம் தாங்கியது. பிறகு ஒருவர் நைசாக எழுந்து போய்க் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். அவரைப் பார்த்து இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் பட்டுப்புடவைக்கு மேலே ஓவர்கோட்டும் மப்ளருமாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆனந்தகிருஷ்ணன் பாட்டுக்குப் பாட்டு விரல்களை வாயருகே வைத்து ஊதிக்கொண்டார். வசுமதிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நாலாவது பாட்டில் மேல் ஸ்தாயி எட்டவில்லை. பாதியில் நிறுத்தி, சபையைக் கும்பிட்டு, "எல்லாரும் சாப்பிட வாங்க" என்று எழுந்துவிட்டாள்.

மறுநாள் காலை காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள். "டாக்டர் சுந்தரராஜன் மார்ச்சுல ஊருக்குப் போறாராம். தம்புராவை அவர்கிட்ட குடுத்து அனுப்பிடலாம்னு இருக்கேன். தங்கச்சி பொண்ணு பாட்டுக் கத்துக்கறா. இங்க சுவரைப் பார்த்துட்டு நிக்கறதுக்கு, அங்க யாராவது மீட்டட்டும்."

அவள் அழவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. அழுதிருந்தால் மணிவாசகம் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பார். கடையில் பால் வாங்கி வர வேண்டும் என்கிற மாதிரி சொல்கிறவளிடம் என்ன சொல்வது?

"மார்ச்சுக்கு இன்னும் நாள் இருக்கு வசு" என்றார். "பிப்ரவரி கடைசி ஞாயிறு இன்னொரு தடவை பாடு. அன்னிக்கும் சரிப்படலைன்னா தம்புராவை நானே துணி சுத்திக் கட்டிக் குடுக்கறேன்."

"சரி" என்றாள்.

அன்று மத்தியானம் அவர் ரெயாலுக்கு போன் செய்தார். ரெயால் வந்து பேஸ்மென்ட்டில் நின்று, டக்டை விரல் முட்டியால் நாலு இடத்தில் தட்டிக் கேட்டார். பிறகு மேஜையில் கிடந்த ஒரு வரைபடத் தாளை எடுத்துத் தட்டையாகப் பிடித்தார். தாள் துவண்டு தொங்கியது. அதையே குழலாகச் சுருட்டி மேஜைமேல் நிறுத்தினார், விறைப்பாக நின்றது. "இதற்குப் பட்டையும் வேண்டாம், திருகாணியும் வேண்டாம். வுவாலா, பார்த்தீர்களா" என்றார். மணிவாசகத்துக்கு எரிச்சலாக வந்தது. தெரியாததைச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். தெரிந்ததையே ஒருவன் வந்து நம் வீட்டில் நின்று சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்?

தடுத்தது வீம்பு மட்டுமில்லை, அளவும்தான். அந்தப் பெட்டியில் போகிற காற்று உருண்டையில் போக வேண்டுமானால் பதினைந்து அங்குல விட்டம் வேண்டும். தரையிலிருந்து உத்தரம் ஏழடி. பெட்டி இருக்கும்போது அடியில் ஆறடி நாலங்குலம் மிஞ்சியது. உருண்டையைத் தொங்கவிட்டால் ஐந்தடி ஒன்பதுதான் மிஞ்சும். டாக்டர் சுந்தரராஜனோ ஆறடி ஓரங்குலம். தலை இடிக்கக் கூடாது என்று ஏழு வருடமாக ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவன், தன் வீட்டுக்கு வந்த விருந்தாளியின் நெற்றியைப் பிளப்பதா?

"யோசித்துச் சொல்கிறேன்" என்று ரெயாலை அனுப்பிவிட்டார். யோசித்தார், யோசித்தார், இரண்டு வாரம் போய்விட்டது. நாலு தரம் படம் வரைந்தார். நாலு படத்திலும் ஓரத்தில் நிற்கிற மனிதனின் நெற்றியில் குழாய் முட்டியது. கடைசியில் ஐந்தடி ஒன்பதங்குல உயரத்தில் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு துணிக்கொடியைக் கட்டிவிட்டு, அதன் கீழே போய்ப் போய் வந்தார். ஐந்தடி ஆறங்குலம் இருக்கிற அவருக்கே உச்சியில் உரசுகிற மாதிரி இருந்தது. சனிக்கிழமை காலை அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அந்தக் கொடியை முறைத்துக்கொண்டிருந்தபோது, வசுமதி ஜமக்காளத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"என்னங்க கொடி இது? துணி காயப் போடவா?"

"உருண்டை டக்ட் போட்டா இந்த உயரத்துக்கு இறங்கும். சத்தம் வராது. ஆனா சுந்தரராஜன் நின்னா நெத்தியில இடிக்கும்."

வசுமதி ஜமக்காளத்தை விரித்து, தம்புராவை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். "அவரு ஏங்க நிக்கறாரு?"

"என்னது?"

"கச்சேரியில யாரு நிக்கறாங்க? எல்லாரும் கீழதானே உக்காருவாங்க."

மணிவாசகம் மெதுவாக அவளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து மேலே பார்த்தார். கொடி எங்கேயோ உயரத்தில் இருந்தது. கையை நீட்டினால்கூட எட்டவில்லை. பிறந்ததிலிருந்து ஜமக்காளத்தில் உட்கார்ந்தே கச்சேரி கேட்டவர், ஏழு வருடம் ஆறடி மனிதனை நிற்க வைத்து வைத்து, மனுஷனுக்கு முழங்கால் மடங்கும் என்பதையே மறந்து போயிருந்தார். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு மாடிக்குப் போய், படத்தில் நின்றவனை ரப்பரால் அழித்துவிட்டு, அதே இடத்தில் அவனைச் சம்மணம் போட்டு உட்கார வைத்தார். அவன் தலைக்கும் குழாய்க்கும் நடுவே இரண்டே முக்கால் அடி இடைவெளி என்று சிவப்புப் பென்சிலால் குறித்தார்.

போனில் "உருண்டை" என்றார் மணிவாசகம். "இன்னொரு தரம் சொல்" என்றார் ரெயால். சொன்னார். அடுத்த சனிக்கிழமை ரெயால் மைத்துனனையும் கூட்டிக்கொண்டு வந்து, பழைய பெட்டியை இறக்கி, உருண்டையை மாட்டினார். பெட்டி வாசலைத் தாண்டும்போது தொப்பியைக் கழற்றி மரியாதை வேறு செய்தார். மணிவாசகம் அதைக் கண்டுகொள்ளவில்லை. மத்தியானம் எலுமிச்சை சாதமும் வடையும் சாப்பிட்டுவிட்டு, "நானும் கச்சேரிக்கு வரலாமா?" என்று கேட்டார் ரெயால். "தரையில் உட்கார வேண்டும்" என்றார் மணிவாசகம்.

பிப்ரவரி கடைசி ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி. வாசலில் பனி பூட்ஸ் மலையாகக் குவிந்திருந்தது. பட்டுப்புடவையும் கம்பளிக் காலுறையுமாகப் பெண்கள் இறங்கி வந்தார்கள். டாக்டர் சுந்தரராஜன் குனிந்து நுழைந்து, குழாயை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சமர்த்தாக உட்கார்ந்தார். ரெயால் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியும் இப்படியும் நெளிந்து, ஒரு வழியாக மடக்கிக்கொண்டார். மணிவாசகம் ஃபர்னஸுக்குப் பக்கத்தில், சுவரோரமாக இருந்தார்.

வசுமதி பெரிய ராகத்தை எடுத்தாள். கீழே நின்று, நடுவில் நின்று, மேலே ஏறத் தொடங்கினாள். அந்த நேரம் பார்த்து ஃபர்னஸ் 'க்ளிக்' என்றது. மணிவாசகம் தலையைத் தூக்கிக் குழாயைப் பார்த்தார். குப்பென்று எண்ணெய் பற்றியது. இனி விசிறி. விசிறி சுழன்றது. காற்று போயிற்று. குழாய் கம்மென்று இருந்தது.

அவள் மேலே போனாள். கண்ணை மூடியபடி, லாசாலில் இறக்கி இறக்கி வைத்த குரலையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டு மேல் ஸ்தாயியில் போய் நின்றாள். கான்கிரீட் சுவர் நாலும் கணீரென்றன. ஆனந்தகிருஷ்ணன் மிருதங்கத்தின்மேல் கையை வைத்தபடியே தலையை ஆட்டினார். அன்றைக்கு மட்டும் ஃபர்னஸ் ஏழு தரம் பற்றியது. ஏழு தரமும் மணிவாசகம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஏழு தரமும் குழாய் வாயைத் திறக்கவில்லை.

மங்களம் பாடி முடிந்தது. டாக்டர் சுந்தரராஜன் சந்தோஷம் தாங்காமல் கையைத் தட்டிக்கொண்டே விருட்டென்று எழுந்தார். 'டம்'.

"தாளம் தப்பாம சமத்துல விழுந்துச்சு டாக்டர்" என்றார் ஆனந்தகிருஷ்ணன். கூடமே சிரித்தது.

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பரவாயில்லை, மணி. பாட்டுக்கு இது தகும். அது சரி வசுமதி, தம்புராவை எப்ப வந்து எடுத்துக்கறது?"

வசுமதி தம்புராவை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "அது எங்கயும் வரலைங்க. தங்கச்சி பொண்ணுக்கு வேற ஒண்ணு வாங்கிக்கட்டும். நீங்க முதல்ல நெத்திக்கு ஐஸ் வைங்க."

மணிவாசகம் சட்டென்று திரும்பி, பூட்ஸை ஒழுங்குபடுத்துகிற சாக்கில் மாடிப்படி ஏறிவிட்டார். நாற்பது பேர் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொள்வது எப்படி?

அதற்குப் பின் எழுபத்தொன்பது வரை மாதம் தவறாமல் அந்த பேஸ்மென்ட்டில் கச்சேரி நடந்தது. டாக்டர் இடித்த இடத்தில் ஒரு சிவப்புத் துண்டு சுற்றப்பட்டது. அதற்குக் கீழே இருக்கும் இடம் டாக்டர் இடம் என்று ஆயிற்று. ஆபீசில் மணிவாசகம் பழையபடி பெட்டிதான் அதிகம் வரைந்தார். ஆனால் பென்சிலை எடுக்கும் முன், அந்த அறையில் இருக்கப்போகிறவர்கள் நிற்பார்களா, உட்காருவார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார். கேட்கிற இளசுகள் முழிப்பார்கள்.

அதெல்லாம் பிற்பாடு. அன்றைக்கு, எல்லாரும் போன பிறகு, இருவரும் ஜமக்காளத்தை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள் வசுமதி.

"பிரமாதம்."

"பெரிசா என்ன ராகம் பாடினேன்?"

மணிவாசகம் விழித்தார். "கல்யாணியா?"

"தெரியாதவங்க எல்லாரும் கல்யாணிம்பாங்க. நான் பாடினது காம்போதி. ரெண்டரை மணி நேரமும் மேலயே பார்த்துட்டு இருந்தீங்க. நீங்க என் பாட்டைக் கேக்கலை. டக்டைக் கேட்டுட்டு இருந்தீங்க."

அவருக்கு முகம் தொங்கிவிட்டது. ஊரே கேட்ட கச்சேரியை, அதற்காக ஒன்றரைக் குளிர்காலம் ஏணியில் நின்றவன் ஒருவன்தான் கேட்கவில்லை. ஜமக்காளத்தின் முனையைக் கசக்கினார்.

வசுமதி தன் பக்கத்து முனையைக் கீழே விட்டாள். "மடிக்க வேண்டாம். விரிங்க" என்றாள். சுவரோரம் சாய்த்திருந்த தம்புராவை எடுத்துக்கொண்டு வந்தாள். "உக்காருங்க. இங்க, என் எதிர்ல. மேல பார்க்கக் கூடாது."

அவர் உட்கார்ந்தார். அவள் சுருதி சேர்த்துக்கொண்டு மறுபடியும் காம்போதியைக் கீழேயிருந்து ஆரம்பித்தாள். அரை மணி நேரம் பாடினாள். அதற்குள் ஃபர்னஸ் இரண்டு தரமாவது பற்றி அணைந்திருக்கும். மணிவாசகத்துக்குத் தெரியாது.